நுவரெலியாக் கோடை விழாவுக்கு வாத்தியத்தோடு போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் நெருங்கினால் என் போன் ஓயாது. ஹட்டன், பதுளை, மாத்தளை, இப்போது யாழ்ப்பாணத்தில் இருந்தும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் கூப்பிடுகிறார்கள். நுவரெலியாவில் வாசிக்க வாய்ப்பு வந்திருக்கிறது, எப்படிப் போவது, வாத்தியத்தை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்கிறார்கள். நான் தப்பு என்ற தோல் வாத்தியம் வாசிக்கிறவன். தோட்டத் திருவிழாக்களுக்கும் கோடை மேடைகளுக்கும் ஒரு செட்டோடு, அதாவது தப்புக் குழுவோடு, நெடுங்காலமாகப் போய்வருகிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் தந்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: மலை ஏறும்போது ஆளைவிட வாத்தியத்துக்குத்தான் பாடு அதிகம். அதற்கு அங்கே ஒரு இரவு கொடுங்கள்.

அண்ணே, கோடை விழான்னு சொல்றாங்களே, அது ஒரே விழாவா? எப்ப நடக்கும்?

ஒரே மேடை, ஒரே நாள் என்று நினைக்க வேண்டாம். ஏப்ரல் மாதம் முழுவதும் நுவரெலியாவில் சீசன். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், மோட்டார் பந்தயம் எல்லாம் நடக்கும். அவற்றோடு ஏரிக்கரையிலும் ஹோட்டல்களிலும் திடல்களிலும் இசை நிகழ்ச்சிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் நடத்துவது வேறு வேறு ஆட்கள். அதனால் "சீசனுக்கு வாங்க" என்று யாராவது கூப்பிட்டால் மூன்று விஷயங்களை உடனே கேளுங்கள்: எந்த மேடை, எந்தத் திகதி, திறந்த வெளியா கூரையா. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. தோல் வாத்தியக்காரர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

13, 14ஆம் திகதிகள் புத்தாண்டு. அந்த இரண்டு நாளும் கடைகள் மூடியிருக்கும், பஸ் குறைவு. பயணம் அந்த நாட்களில் விழுந்தால் சாப்பாட்டையும் கிட்டார் ஸ்ட்ரிங், பேட்டரி போன்ற சாமான்களையும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ரோட்டால போறது நல்லம்?

கண்டிப் பக்கம் இருந்து வந்தால் பேராதனை, கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏ5 வீதி. கண்டியில் இருந்து சுமார் 75 கிலோமீற்றர்தான். ஆனால் கண்டி ஏறக்குறைய 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். இடையில் உள்ள ஏற்றம் முழுவதையும் கொண்டைஊசி வளைவுகளில் ஏற வேண்டும். 2008இல் திறந்த றம்பொடைச் சுரங்கப்பாதை 225 மீற்றர் நீளம். அதைத் தாண்டினால் குளிர் காதில் ஏறும். கொழும்பில் இருந்து அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக ஏ7. பதுளைக்காரர்களுக்கு ஹாலிஎல, வெலிமடை, ஹக்கல, சீதாஎலிய. அதுவும் ஏ5தான், மறுபக்கம்.

சாமான் ஏற்றிய வேன் என்றால் நான் ஹட்டன் பாதையைத்தான் சொல்வேன். ஏற்றம் கொஞ்சம் கொஞ்சமாக வரும். நிறுத்திக் கட்டுகளைச் சரிபார்க்கவும் ஒரு பிளேன் டீ குடிக்கவும் வழியில் ஊர்கள் உண்டு. மழை விடாமல் பெய்தால் எந்தப் பாதையும் நல்ல பாதை இல்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவகம் விடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117.

ரயில்ல போனா லேசு தானே?

கிட்டார் ஒன்றோடு தனியாகப் போகிறவருக்குச் சரி. இறங்க வேண்டியது நானுஓயா. அங்கிருந்து நுவரெலியாவுக்கு இன்னும் ஏறக்குறைய 8 கிலோமீற்றர், பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். சீசனில் இருக்கை கிடைப்பது கஷ்டம், மண்சரிவில் பாதை நின்றுபோகும் காலங்களும் உண்டு. செட்டாகப் போகிறவர்கள் வேனிலேயே போங்கள்.

அண்ணா, நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து வாறம். விடிய வெளிக்கிட்டால் அண்டைக்கு இரவே வாசிக்கலாமோ?

வந்து சேரலாம். நல்லபடி வாசிக்க முடியாது. வவுனியா, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று வெயிலிலேயே வந்துவிட்டு மாலையில் திடீரென்று பனிக்குள் நுழைகிறீர்கள். பகலில் 30 பாகையைத் தாண்டிய சூட்டில் இருந்த மிருதங்கம் இரவு 12 பாகை அளவு குளிரில் மேடை ஏறும். உடம்பு ஒரு ஸ்வெட்டரோடு சமாளித்துவிடும், மரமும் தோலும் சமாளிக்காது.

மாத்தளையிலோ கண்டியிலோ ஒரு இரவு தங்குங்கள். இல்லாவிட்டால் நிகழ்ச்சிக்கு முதல் நாளே நுவரெலியாவுக்கு ஏறிவிடுங்கள். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரண்டாவது.

நம்ம ஊட்டுல கணீர்னு கேட்ட தப்பு, அங்க போனதும் ஏன் சத்தமே செத்துப் போயிருது?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. தப்பின் தோல் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய தோல் தளரும். தளர்ந்தால் சுருதி இறங்கும், அடிக்கும் குச்சியும் துள்ளி எழாது. நுவரெலியாவில் சாயங்காலம் பனி இறங்கினால் காற்று முழுக்க ஈரம்தான். நெருப்பில் காய்ச்சி எடுத்த தப்புகூடத் திறந்த மேடையில் கொஞ்ச நேரத்தில் திரும்பத் தளர்ந்துவிடும்.

இதற்கு மருந்து புதிதாக ஒன்றும் இல்லை. பெரியவர்கள் செய்ததுதான். காய்ந்த சருகு, வைக்கோல், கடதாசி போட்டு மூட்டிய தீயில் தோலை நெருப்பு தொடாத தூரத்தில் காட்டி, சுற்றிச் சுற்றித் திருப்பி, விரலால் தட்டிப் பார்த்துக் காய்ச்ச வேண்டும். கோடை மேடைக்கு அதோடு இரண்டு காரியம் சேர்த்துச் செய்யுங்கள். ஆளுக்கு ஒரு தப்பு போதாது, செட்டுக்கு இரண்டு தப்பு கூடுதலாக எடுங்கள். மேடையில் ஏறாத ஒருவரை நெருப்புப் பக்கம் நிறுத்துங்கள். பாட்டுக்குப் பாட்டு தளர்ந்ததைக் கொடுத்துக் காய்ந்ததை வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மழையில் நனைந்த தப்பை நேரே நெருப்பில் காட்டாதீர்கள். காய்ந்த தோல் ஓரளவு சூடு தாங்கும். நனைந்த தோல் 60 பாகைச் சூட்டைக் கடந்தாலே சுருங்கத் தொடங்கி, சட்டத்தை இழுத்துக் கிழிந்துவிடும். துணியால் துடைத்து, காற்றோட்டத்தில் நிழலில் உலரவிட்டு, அப்புறம்தான் நெருப்பு.

ஹோட்டல் புல்தரையில நெருப்பு மூட்ட விடமாட்டேங்குறாங்க. என்ன செய்ய?

முதலில் முன்கூட்டியே கேளுங்கள். மேடைக்குப் பின்னால் ஒரு பழைய தகரத்திலோ இரும்புச் சட்டியிலோ கொஞ்சம் தணல், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் என்று விளக்கிச் சொன்னால் பல இடங்களில் சம்மதிப்பார்கள். போன இடத்தில் திடீரென்று தீ மூட்டினால் யாரும் பயப்படத்தான் செய்வார்கள்.

அதுவும் நடக்காவிட்டால் சமையல்கட்டு அடுப்படியில் கொஞ்ச நேரம் இடம் கேளுங்கள், அல்லது தலைமுடி காயவைக்கும் டிரையரைத் தூரத்தில் பிடியுங்கள். நெருப்பில் காய்ச்சிய அளவுக்கு வராது, ஆனால் ஒரு பாட்டுக்குத் தாங்கும். பைபர் தோல் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான், அது தளராது. ஆனால் அந்தச் சத்தத்தில் தப்பின் அடிக்குரல் இல்லை. நான் மாற்றப் போவதில்லை.

கீபோர்ட்காரர் சுருதி சரிங்குறார், புல்லாங்குழல்காரர் அவருது சரிங்குறார், கிட்டார் ஒண்ணோடயும் சேரல. யாரு சொல்றது சரி?

மூன்று பேர் சொல்வதும் சரி. குளிர் மூன்று வாத்தியத்தையும் மூன்று விதமாகப் பிடிக்கிறது. கீபோர்டின் சுருதி மாறாது. கிட்டார் கம்பி குளிரில் சுருங்கி இறுகும், சுருதி ஏறும். புல்லாங்குழல், நாதஸ்வரம் போன்ற ஊதும் வாத்தியங்களுக்கு நேர்மாறு. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறையும், அதனால் சுருதி இறங்கும். கொழும்பில் 30 பாகையில் சரியாக நின்ற குழலைக் குளிர விட்டு 14 பாகையில் எடுத்து ஊதினால், ஒரு அரைச் சுரத்தில் கிட்டத்தட்டப் பாதி இறங்கியிருக்கும். கேட்கிறவர் காதில் அது நன்றாகவே உறுத்தும்.

குழல்காரர் மேடைக்கு ஏறும்வரை குழலை ஸ்வெட்டருக்குள் உடம்போடு வைத்திருக்கட்டும், பாடுவதற்கு முன் கொஞ்ச நேரம் ஊதிச் சூடாக்கட்டும். ஊதும் மூச்சே குழலுக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்கிச் சுருதியை ஏற்றும். கிட்டாரை அறைக்குள் டியூன் செய்து கொண்டுவருவதில் பயன் இல்லை. மேடைக் குளிரில் கால் மணி நேரம் வைத்துவிட்டு டியூன் செய்யுங்கள். அதற்கு மேலும் சேராவிட்டால் குழல் நிற்கும் இடத்துக்குக் கீபோர்ட் இறங்கி வரட்டும். கீபோர்டில் சுருதியை நுணுக்கமாக இறக்க வசதி உண்டு, கிட்டாரையும் அதற்கு டியூன் செய்துகொள்ளலாம், குழலுக்கு அந்த வசதி இல்லை.

கீபோர்ட், ஆம்ப் எல்லாம் குளிர்ல கெட்டுப் போகுமா?

குளிரால் கெடாது, வியர்ப்பதால் கெடும். இரவு முழுக்க வேனில் குளிர்ந்து கிடந்த கீபோர்டைச் சூடான மண்டபத்துக்குள் கொண்டுபோய் உடனே திறந்தால் உள்ளே நீர் முத்துமுத்தாகப் படியும். அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் போச்சு. பைக்குள்ளேயே வைத்து அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள்.

பிளக் விஷயத்தையும் மறக்க வேண்டாம். புது இடங்களில் சதுரப் பின், பழைய கட்டடங்களில் உருண்டைப் பின். இரண்டுக்கும் பொருந்தும் அடாப்டரும் நீளமான வயரும் கையோடு இருக்கட்டும். ஜெனரேட்டரில் ஓடும் மேடை என்றால் ஒரு ஸ்டெபிலைசர் கேளுங்கள்.

தங்க ரூம் வாடகை கேட்டா தலை சுத்துது. வேற வழி இருக்கா?

சீசனில் நகரத்துக்குள் அறை தேடாதீர்கள். நானுஓயா, தலவாக்கலை, கந்தப்பளை, ராகலை, வெலிமடை எல்லாம் கிட்டத்தான். நம் ஆட்களுக்கு இந்த ஊர்த் தோட்டங்களில் ஒரு மாமாவோ பெரியம்மாவோ இல்லாமல் இருக்காது. லயத்துக் காம்பிராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், இடம் சின்னது, ஆனால் அடுப்படி இருக்கிறது. நான் மேலே சொன்ன தப்பு, மிருதங்கத்தை அடுப்புக்கு எட்டிய சுவரோரம் வைக்கலாம். எந்த ஹோட்டல் அறையிலும் அந்த வசதி இல்லை. போகும்போது அந்த வீட்டுக்கு அரிசி, பருப்பு, பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள்.

வளைவுல எனக்கு வாந்தி வந்துரும். இறங்கின உடனே பாடணும். எப்படி?

முன் இருக்கை, வயிறு நிறையச் சாப்பிடாமல் ஒரு ரொட்டியும் சம்பலும் மட்டும், போனைப் பார்க்காமல் தூரத்தைப் பார்ப்பது, ஒரு துண்டு இஞ்சி. இறங்கியதும் கொத்தமல்லி அவித்த சுடுதண்ணீர். வாந்தி எடுத்திருந்தால் தொண்டை எரிச்சலோடு இருக்கும், அதன் மேல் பாடக் கூடாது. குறைந்தது ஒரு மணி நேரம் பேசாமல் இருங்கள். இதற்கும் சேர்த்துத்தான் முதல் நாளே ஏறச் சொல்கிறேன்.

டிரைவர் அண்ணன் ரதெல்ல குறுக்கு ரோட்டால போனா சீக்கிரம்னு சொல்றாரு. போகலாமா?

வேண்டாம். 2023 ஜனவரியில் நானுஓயாவுக்குக் கிட்ட அந்தக் குறுக்குப் பாதையில்தான் பஸ்ஸும் வேனும் மோதி 7 பேர் இறந்தார்கள். அவ்வளவு செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். ஆட்களும் ஸ்பீக்கரும் ஏற்றிய வேனுக்கு அது இன்னும் மோசம். பெரிய ரோட்டிலேயே போகச் சொல்லுங்கள். எந்த இறக்கத்திலும் ஏறிய கியரிலேயே இறங்கச் சொல்லுங்கள். டிரைவர் வயதில் மூத்தவர், எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். "அண்ணே, வாத்தியம் அடிபடும், மெதுவாப் போவோம்" என்றால் எந்த டிரைவரும் கோபிக்க மாட்டார்.

அண்ணா, நான் வயலின் வாசிக்கிறேன். "பொம்பளப் பிள்ள ராத்திரி நிகழ்ச்சிக்குப் போறதா"ன்னு வீட்டுல விடமாட்டேங்குறாங்க.

வீட்டாரின் பயத்தைத் தட்டிக்கழிக்காமல் ஒவ்வொன்றாகத் தீர்த்துக் கொடுங்கள், தங்கச்சி. யாரோடு போகிறீர்கள், எந்த வீட்டில் தங்குகிறீர்கள், வேன் இலக்கம், டிரைவரின் போன் இலக்கம், திரும்பி வரும் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். குழுவில் மூத்த ஒருவர் வீட்டுக்கு நேரில் வந்து பேசட்டும். அம்மாவையோ சித்தியையோ கூட்டிக்கொண்டு வந்தால் வேனில் ஒரு இடம் ஒதுக்குவது குழுவின் கடமை, அதற்குச் செலவு கேட்கக் கூடாது.

குழு நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உடை மாற்ற ஒரு அறை, சுத்தமான கழிப்பறை இரண்டும் இருக்கிறதா என்று ஏற்பாட்டாளரிடம் நீங்களே முதலில் கேளுங்கள். அந்தப் பிள்ளை வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

பஸ்ல தப்போட ஏறினா ஒரு மாதிரி பாக்குறாங்க. "சாவு வீட்டுக்கா"ன்னு கேக்குறாங்க. மூடி எடுத்துட்டுப் போகவா?

பனிக்கும் தூசிக்கும் மூடுங்கள். வெட்கத்துக்கு மூடாதீர்கள். சாவு வீட்டில் தப்பு அடிப்பதில் என்ன குறை? வாழ்ந்த ஒரு மனிதரைக் கடைசியாக மரியாதையோடு அனுப்பி வைக்கிற வாத்தியம் அது. அதே தப்புத்தான் அந்தக் காலத்தில் தோட்டத்தில் வேலைக்கு ஆள் கூடும் விடியற்காலைப் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பியது. மாரியம்மன் திருவிழாவில் தேருக்கு முன்னால் போகிறது. மாசி மாதம் காமன் கூத்து நடக்கும் பொட்டலில் ரதியும் மதனும் ஆடுவதும் தப்பு இருப்பதால்தான். மலையகத்தில் நம் மக்களின் வாழ்க்கையில் இது போகாத இடம் இல்லை.

அந்தப் பார்வைக்குக் காரணம் சாதி. அடிக்கிறவரைத் தாழ்த்தி வைத்தவர்கள் வாத்தியத்தையும் தாழ்த்தினார்கள். இன்று பள்ளிக்கூட மேடைகளில் பெண் பிள்ளைகளும் தப்பு அடிக்கிறார்கள், நாடகக் குழுக்கள் கையில் எடுத்திருக்கின்றன. பஸ்ஸில் யாராவது கேட்டால், "நுவரெலியாவில் கச்சேரி, வந்து கேளுங்க" என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொல்கிறேன்.

"தப்பு செட் கேட்ல நின்னு விருந்தாளிகள வரவேற்றா போதும், மேடை வேணாம்"ங்குறாங்க. ஒத்துக்கலாமா?

எங்களுக்கும் இது நடந்திருக்கிறது. வாசலில் பனியில் நிறுத்தி வைத்துவிட்டு மேடையைப் பாட்டுக் குழுவுக்கு மட்டும் கொடுத்தார்கள். மனது வலித்தது. வாசலில் அடிப்பது கேவலம் இல்லை, ஆனால் அது மட்டும்தான் தப்புக்கு உரிய இடம் என்று வைப்பதை ஒத்துக்கொள்ள முடியாது.

இப்போது நான் பேசும் விதம் இது: வரவேற்பும் செய்கிறோம், மேடையில் ஏழு நிமிடமும் வேண்டும், அதை நிகழ்ச்சி நிரலில் எழுதித் தாருங்கள். ஏழு நிமிடத்தில் மெதுவாகத் தொடங்கி வேகம் ஏற்றி முடிக்க முடியும், கடைசி நேரத்தில் "டைம் இல்லை" என்று வெட்டுவதற்கும் அவர்களுக்குக் காரணம் இருக்காது. சிங்களவர்களும் வெளிநாட்டவர்களும் கலந்து நிற்கிற கூட்டம் அது. மொழி தெரியாதவர்களும் தப்புக்கு எழுந்து ஆடுவதைப் பார்த்த ஏற்பாட்டாளர் அடுத்த முறை தானாகவே மேடை கொடுப்பார். மறுத்தால்? கூலி சரியாக இருந்து, உங்களுக்குப் பணம் அவசியம் என்றால் போங்கள். அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்லக் கூடாது.

காசு விஷயத்த எப்படிப் பேசுறது? பேசினா வாய்ப்புப் போயிருமோன்னு பயமா இருக்கு.

மொத்தத் தொகை, அட்வான்ஸ் எவ்வளவு, மிச்சம் எப்போது, பயணச் செலவும் சாப்பாடும் யார் பொறுப்பு, மழையால் நிகழ்ச்சி நின்றால் என்ன கிடைக்கும். இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் எழுதி, "சரி" என்று ஒரு பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் வராமல் வேனைப் பேசாதீர்கள். மழைக் கேள்வியை விடவே கூடாது, ஏனென்றால் ஏப்ரலில் மலைநாட்டில் பிற்பகல் இடிமழை வழக்கம்.

மேடையில இருக்கும்போதே இடி மின்னல் வந்தா?

வாசிப்பதை நிறுத்திவிட்டு இறங்குங்கள், ஏற்பாட்டாளர் என்ன சொன்னாலும் சரி. திறந்த வெளியில் இரும்புச் சட்டம் போட்ட மேடையில் வயர் பூட்டிய கிட்டாரோடும் மைக்கோடும் நிற்பது உயிரோடு விளையாடுவது. மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லிவிட்டு, கட்டடத்துக்குள்ளோ வேனுக்குள்ளோ போய்விடுங்கள். ஆட்கள் முதலில், சாமான் அப்புறம். சாமானை மூட ஒரு பெரிய பொலித்தீன் விரிப்பு மேடை ஓரத்தில் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

பத்து மணிக்கு மேல வாசிச்சா பொலிஸ் வருமா?

2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்பது பொது விதி. சில நிகழ்ச்சிகளுக்கு நேரம் நீட்டிக் கொடுப்பதும் உண்டு. அனுமதி எத்தனை மணி வரை என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டு, கடிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை கடைசி என்றால் முன்னுக்கு மாற்றச் சொல்லுங்கள். நேரம் தாமதமானால் முதலில் வெட்டுவது கடைசிக் குழுவைத்தான்.

நிகழ்ச்சி முடிஞ்சதும் ராவோட ராவா திரும்பிரலாமா? காலையில வேலைக்குப் போகணும்.

முடிந்தவரை வேண்டாம். 2025 மே மாதம் கொத்மலை, கெரண்டி எல்லயில் விடியுமுன் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். றம்பொடைப் பக்கத்து ரோடு அது, கண்டிப் பக்கம் திரும்புகிறவர்கள் இறங்கப் போகும் அதே ரோடு. நிகழ்ச்சி முழுக்க விழித்திருந்த டிரைவர், பனி, இறக்கம் மூன்றும் சேரக் கூடாது. அந்த மேடைக்கு ஒத்துக்கொள்ளும்போதே மறுநாள் லீவு போட்டுவிடுங்கள்.

போயே ஆக வேண்டும் என்றால், நிகழ்ச்சிக்கு வராமல் அறையில் தூங்கிய ஒருவர்தான் வண்டி ஓட்ட வேண்டும். அவர் பக்கத்தில் ஒருவர் விழித்திருந்து பேசிக்கொண்டே வரட்டும். பனி மூடினால் லைட்டைக் கீழே இறக்கிப் போடுங்கள், உயர்த்திப் போட்டால் வெள்ளைத் திரைதான் தெரியும். பாதை தெரியவில்லை என்றால் ரோட்டோரக் கோவிலிலோ கடை வாசலிலோ நிறுத்திவிட்டு விடியும்வரை இருங்கள். ஆபத்து ஏதும் நேர்ந்தால் அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119.